விரல் நுனியையும் கொஞ்சம் பாருங்க

கேள்வி: அப்பாவுக்கு 61 வயசு. முப்பது வருஷத்துக்கு மேல பீடி குடிக்கிறவர், காலைல எழுந்ததும் இருமி சளி துப்புறது எங்க வீட்டுக்குப் பழகிப்போன சத்தம். ஆனா ரெண்டு மாசமா இருமல் நிக்கவே மாட்டேங்குது, குரல் கம்மிப்போச்சு, சட்டையெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு. விரல் நுனி வேற உருண்டையா வீங்குன மாதிரி இருக்கு. கேட்டா "பீடி இருமல்தான், விடும்மா"ங்குறார். மெடிக்கல்ல சிரப் வாங்கித்தான் குடுக்குறேன். பயப்படணுமா டாக்டர்?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: அந்த விரலைக் கவனிச்சு எழுதுனீங்க பாருங்க, அதுதான் பெரிய விஷயம்மா. பீடியால வர்ற சிஓபிடில (மூச்சுக்குழாய் சுருங்கி அடைச்சுக்குற நாள்பட்ட நுரையீரல் நோய்) இருமல், சளி, படி ஏறுனா மூச்சு வாங்குறதுன்னு வருஷக்கணக்கா மெதுவா கூடிட்டே வரும், ஆனா அது மட்டும் இருந்தா விரல் நுனி உருளாது. உருண்டா வேற ஏதோ இருக்குன்னு தேடணும். கிளப்பிங்னு சொல்லுவோம், நுரையீரல் புற்றுநோய்ல வரும், மூச்சுக்குழாய் விரிஞ்சு சளி தேங்குற பிராங்கியெக்டாசிஸ்ல வரும், நுரையீரல் தழும்பேறி இறுகுற ஃபைப்ரோஸிஸ்லயும் வரும் (அதுல ஸ்டெத் வச்சா வெல்க்ரோ பட்டையைப் பிரிக்கிற மாதிரியே கேக்கும்). பெரும்பாலும் வலிக்காது, அதனாலதான் யாரும் கண்டுக்கிறதில்ல.

வீட்லயே பாக்கலாம். ரெண்டு கை மோதிர விரலையும் நகத்தோட நகம் ஒட்டி வைக்கச் சொல்லுங்க, நடுவுல டைமண்ட் மாதிரி ஒரு சின்ன இடைவெளி தெரியணும், தெரியலைன்னா கிளப்பிங்தான். தென்னாப்பிரிக்க இதய டாக்டர் லியோ ஷாம்ரோத் தனக்கு நோய் வந்தப்ப தன்னோட விரல்லயே இதைப் பாத்துட்டு 1976ல எழுதுனார்.

குரலையும் சாதாரணமா விட்ராதீங்க. குரல்நாணுக்குப் போற நரம்பு இடது பக்கம் நெஞ்சுக்குள்ள இறங்கி சுத்திட்டுத்தான் மேல ஏறுது, அங்க கட்டி அழுத்துனா குரல் கம்மும். அதுக்காக கேன்சர்தான்னு நான் முடிவு கட்டலை, டிபிலயும் எடை குறையும், சாயங்கால காய்ச்சல், ராத்திரி வேர்வை, சளில ரத்தம் இருக்கான்னும் கேளுங்க. ரெண்டு வாரம் தாண்டுன இருமல்னாலே சளி டெஸ்ட் எடுக்கணும், அரசு ஆஸ்பத்திரில ஃப்ரீ, சாதாரண டிபின்னா 6 மாசம் மாத்திரைல குணமாயிடும்.

சிரப்பை நிறுத்திட்டு இந்த வாரமே நுரையீரல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. எக்ஸ்ரே நார்மல்னு வந்தாலும் அதோட விட்ராம சிடி ஸ்கேன் எடுக்கணுமான்னு கேளுங்க, சின்ன கட்டி எக்ஸ்ரேல இதயத்துக்குப் பின்னாடி மறைஞ்சுக்கும். ஒரு வாக்கியம் முழுசா பேச முடியாம திணறுனா, உதடு நீலமானா, ரத்தம் ரத்தமா துப்புனா 108 கூப்பிடுங்க.

கேள்வி: 7 வயசு பையனுக்கு விடியக்காலைல மட்டும் இருமல், பகல்ல நல்லா ஓடியாடுறான். டிபியா?
- வாசகர், சேலம்

பதில்: எடை ஏறுது, காய்ச்சல் இல்லைன்னா ஆஸ்துமாவாத்தான் முதல்ல நினைப்பேன். வர்றதும் போறதுமா இருக்கும், விடியக்காலைல, பனில, ஓடுனதும் அதிகமாகும், சில பசங்களுக்கு வீசிங் சத்தமே இல்லாம இருமல் மட்டும்தான் இருக்கும். வீட்ல வேற யாருக்காவது இளைப்பு, தும்மல், கரப்பான் (தோல் அரிப்பு) இருக்கான்னு கேட்டு குழந்தை டாக்டர்கிட்ட சொல்லுங்க, இருமல் வர்றப்ப செல்போன்ல வீடியோ எடுத்துக் காட்டுங்க, பகல்ல வந்து நிக்கிற பையன் நெஞ்சுல எங்களுக்கு ஒண்ணுமே கேக்காது.