நரிட்டா – லாஸ் ஏஞ்சலஸ்: போக 10 மணி, வர 11½ மணி ஏன்?

வணக்கம் நண்பரே. ஜப்பானில் டோக்கியோ அருகே உள்ள நரிட்டா விமான நிலையத்திலிருந்து அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸுக்குத் தூரம் ஒன்றுதான், ஆனால் போவதற்கு 10 மணி நேரம், திரும்புவதற்கு 11½ மணி நேரம் என்று டிக்கெட்டில் இருக்கிறதே, தவறா என்று கேட்டிருந்தீர்கள். தவறில்லை, கவலை வேண்டாம்.

இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே சுமார் 8,750 கி.மீ. அதை மணிக்கு 900 கி.மீ. என்று நீங்கள் வகுத்த கணக்கு சரிதான், ஆனால் அதில் காற்று இல்லை. வட பசிபிக்கின் மேல், விமானம் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் ஸ்ட்ரீம் என்ற பலத்த காற்று ஓடுகிறது. போகும்போது அது முதுகில் தள்ளும், வரும்போது முகத்தில் அடிக்கும். குளிர்காலத்தில் இந்த வித்தியாசம் இன்னும் கூடும். ஓடுபாதை வரை ஊர்ந்து போகும் நேரமும் டிக்கெட் நேரத்திலேயே அடக்கம்.

வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுப் பார்க்காதீர்கள். பூமி உருண்டை என்பதால் குறுகிய வழி வடக்கே வளைந்து, கிட்டத்தட்ட 47 டிகிரி அட்சரேகை வரை ஏறி இறங்கும். ஒரு உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்தால் புரிந்துவிடும்.

அப்புறம், மாலை 5 மணிக்குக் கிளம்பி அதே நாள் காலை 11 மணிக்கு இறங்குவதும் சரிதான். வழியில் தேதிக்கோடு, அதாவது கடக்கும்போது தேதி ஒரு நாள் மாறும் கற்பனைக் கோடு, வருகிறது. கோடையில் லாஸ் ஏஞ்சலஸ் நேரம் ஜப்பானைவிட 16 மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் 17. திரும்பும்போது மறுநாள்தான் இறங்குவீர்கள், அந்தத் தேதியைப் பார்த்து ஹோட்டல் பதிவு செய்யுங்கள்.