நர்சம்மாவிடம் கேளுங்கள்: கர்ப்ப கால ஆபத்து அறிகுறிகள்

கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர், கர்ப்பிணிகளும் வீட்டாரும் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறார்.

எட்டாம் மாதம். இரண்டு நாட்களாகத் தலைவலி, முகம் வீங்கியிருக்கிறது. நீர் கோத்துக்கொள்வது வழக்கம்தான் என்கிறார் மாமியார்.

இன்றே ரத்த அழுத்தம் பாருங்கள், மகளே. மாலையில் கால் வீங்கி, படுத்து எழுந்தால் வடிந்துவிடுவது பலருக்கும் உண்டு. முகமும் கையும் காலையிலேயே உப்பியிருந்தால் கதை வேறு. அழுத்தம் 140/90-ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டும். தலைவலியோடு கண் மங்கினாலோ மேல் வயிறு வலித்தாலோ அடுத்தது வலிப்பாக இருக்கலாம். ஒரு பெண்ணுக்கு வளைகாப்பில் போட்ட கண்ணாடி வளையல்கள் மூன்றே வாரத்தில் இறுகி, தோலில் கோடு கோடாகப் பதிந்திருந்தன. வீட்டில் நெற்றிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்தால் 170/110! உடனே வண்டி ஏற்றினோம். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அன்றிலிருந்து கர்ப்பிணியைக் கண்டால் என் கண் முதலில் வளையலுக்குத்தான் போகும்.

மனைவிக்கு ஒன்பதாம் மாதம். நேற்றிலிருந்து குழந்தையின் அசைவு குறைவு. பிரசவம் நெருங்கினால் குழந்தை அடங்கிவிடுமாமே?

அடங்காது, தம்பி. உதைப்பது புரள்வதாக மாறலாம். அசைவு குறையக் கூடாது. இனிப்புக் கொடுத்துப் பார்ப்போம் என்று நேரம் கடத்தாமல் இப்போதே கிளம்புங்கள்.

ஏழாம் மாதம். வலியே இல்லாமல் ரத்தம் பட்டது, தானாக நின்றுவிட்டது.

வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்துக்கொண்டிருந்தால் இப்படித்தான் படும், மறுமுறை பெருக்கெடுக்கலாம். 108-ஐ அழையுங்கள். ஸ்கேன் அறிக்கையை மறக்காதீர்கள். நஞ்சு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் உள்பரிசோதனை செய்யக் கூடாது.

சத்து மாத்திரை சாப்பிட்டால் மலம் கருப்பாகப் போகிறதே?

இரும்புச்சத்தால்தான். பயம் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். கூடவே டீ, காபி மட்டும் குடிக்காதீர்கள்.

இரவில் பனிக்குடம் உடைந்து, வலி வரவில்லை என்றால் விடிந்ததும் போகலாமா?

கூடாது. நீர் உடைந்துவிட்டால் கிருமி உள்ளே ஏற வழி திறந்துவிட்டது என்று பொருள். நீர் பச்சையாக இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது. ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

பிரசவம் முடிந்தால் கவலை தீர்ந்ததா?

ஆறு வாரம் பொறுங்கள், அம்மா. ஒரு மணி நேரத்தில் ஒரு பேடு முழுக்க நனைந்தாலும், காய்ச்சலோ கடும் தலைவலியோ வந்தாலும் மருத்துவமனைதான். தாய் வீட்டுக்குப் போகும்போது சீர்த்தட்டுகளை எண்ணி ஏற்றுகிறார்கள், பரிசோதனை அட்டையைப் புகுந்த வீட்டு அலமாரியிலேயே விட்டுவிடுகிறார்கள். அதை முதலில் பையில் வையுங்கள்.