ஐரிஸ் மர்டாக்: மாமியார், மருமகள், மேற்கோள்கள்

1919இல் டப்ளினில் பிறந்து 1999இல் ஆக்ஸ்ஃபோர்டில் மறைந்த நாவலாசிரியரும் மெய்யியல் ஆசிரியருமான ஐரிஸ் மர்டாக் குறித்து வந்த கேள்விகளுக்கான பதில்கள்.

கேள்வி: காதலைப் பற்றி அவர் சொன்னதன் சாரம் என்ன?

பதில்: தன்னைத் தவிர இன்னொன்றும் உண்மையாகவே இருக்கிறது என்பதை உணர்வதுதான் அன்பு, அது மிகவும் கடினமான உணர்தல் என்று 1959இல் வெளியான கட்டுரையொன்றில் எழுதினார். காதல், அன்பு என்று நாம் பிரித்துச் சொல்லும் இரண்டும் அவருடைய ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன.

இதற்கு அவர் வேறொரு கட்டுரையில் தரும் உதாரணம் நமக்கு நன்கு பழக்கமானது. ஒரு மாமியாருக்கு மருமகள்மேல் மனத்தாங்கல்; நல்ல பெண்தான், ஆனால் நயமில்லை, படபடவென்று பேசுகிறாள், வயதுக்கேற்ற பக்குவமும் இல்லை என்று நினைக்கிறார். வெளியே ஒரு கடுஞ்சொல்கூடச் சொல்லாமல் முறையாகவே நடந்துகொள்ளும் அந்த அம்மாள், ஒரு நாள் தன்னையே விசாரிக்கத் தொடங்குகிறார்: நான் பழைய காலத்து மனுஷி, எனக்கு அந்தஸ்து பார்க்கும் புத்தி இருக்கலாம், பொறாமை நிச்சயமாக இருக்கிறது, இன்னொரு முறை பார்க்கிறேன். அப்படிப் பார்க்கப் பார்க்க, நயமின்மையாகத் தோன்றியது எளிமையாகவும், கூச்சலாகத் தோன்றியது உற்சாகமாகவும் தெரிகிறது. வெளிநடத்தையில் எதுவும் மாறவில்லை. ஆனாலும் உள்ளே ஓர் அறச்செயல் நடந்திருக்கிறது என்பதே மர்டாக்கின் வாதம். நடத்தையையும் தேர்வையும் மட்டுமே அறமாகக் கண்ட அன்றைய ஆங்கில மெய்யியலுக்கு அவர் கொடுத்த பதில் இது. இதற்கு அடிப்படையான ‘கவனம்’ என்ற கருத்தை பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வெய்யிடமிருந்து எடுத்துக்கொண்டார்.

கேள்வி: “மகிழ்ச்சியான வாழ்வின் இரகசியங்களில் ஒன்று சின்னச் சின்ன இன்பங்களை விடாமல் அனுபவிப்பது” என்ற அவருடைய பொன்மொழியை விளக்குங்கள்.

பதில்: அதைச் சொல்பவர் மர்டாக் அல்லர், 1978இல் புக்கர் பரிசு பெற்ற ‘தி சீ, தி சீ’ நாவலின் கதைசொல்லியான சார்ல்ஸ் ஆரோபி. ஓய்வுபெற்ற நாடக இயக்குநரான இவர், இளமையில் காதலித்த ஹார்ட்லியை முதுமையில், இன்னொருவரின் மனைவியாகக் கண்டு, தன் வீட்டிலேயே பூட்டிவைப்பவர். நாவலாசிரியர் எழுதிய வரி வேறு, நாவலாசிரியரின் கருத்து வேறு. இதை மறந்தால் மர்டாக்கை வாசிக்கவே முடியாது.

கேள்வி: அவரை ஐரிஷ் எழுத்தாளர் என்பது சரியா? வாழ்ந்ததெல்லாம் இங்கிலாந்தில்தானே?

பதில்: கைக்குழந்தையாக லண்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர், தம்மை ஐரிஷ்காரராகவே கருதினார். அயர்லாந்தில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக நடந்த 1916 ஈஸ்டர் எழுச்சியை வைத்து ‘தி ரெட் அண்ட் த கிரீன்’ நாவலையும் எழுதினார். எனக்கு அது போதும்.

கேள்வி: “ஒவ்வொரு புத்தகமும் நிறைவான ஓர் எண்ணத்தின் சிதிலம்” என்று மர்டாக் கூறியது ஏன்?

பதில்: மறுபடியும் அதே பிழை. ‘தி பிளாக் பிரின்ஸ்’ நாவலில், புத்தகங்களை எழுதிக் குவிக்கும் ஆர்னால்ட் பாஃபின், அரிதாகவே எழுதும் நண்பரின் குத்தலுக்குப் பதிலாகச் சொல்வது அது. 26 நாவல்கள் எழுதியவருக்கு அந்த வலி தெரிந்திருக்கும் என்று ஊகிக்கலாம், அவ்வளவே.

கேள்வி: எழுதும் முறை?

பதில்: முதல் வாக்கியத்துக்கு முன்பே கதை முழுவதையும் வகுத்துக்கொள்வார், பிறகு கையால் எழுதுவார்.

கேள்வி: மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். அவர் தம்மையே ஏமாற்றிக்கொள்கிறார் என்று ஏன் சொல்லக் கூடாது? மருமகள் உண்மையிலேயே மோசமானவராக இருந்தால்?

பதில்: இந்த ஆட்சேபத்தை மர்டாக்கே எழுப்பிக்கொள்கிறார். அவர் கேட்பது வெறும் அன்பான பார்வையை அல்ல, நேர்மையும் அன்பும் சேர்ந்த பார்வையை. நேர்மையாகப் பார்த்தபின் மருமகளின் குறை இன்னும் தெளிவாகத் தெரிந்தால், அதுவும் கவனத்தின் பயன்தான். நம் கண்ணை மறைக்கும் திரை பெரும்பாலும் நம்முடைய ‘நான்’ என்பதால், சந்தேகத்தை அங்கே தொடங்கச் சொல்கிறார்.

கேள்வி: அதே உதாரணத்தில் மருமகள் இறந்துவிட்டதாகவோ வெளிநாடு போய்விட்டதாகவோ வைத்துக்கொள்ளச் சொல்கிறாரே! வாயைத் திறக்க முடியாதவள்மேல் அன்பு வருவதில் என்ன பெருமை?

பதில்: இன்று வந்தவற்றில் கூர்மையான கேள்வி இது. மாற்றம் முழுவதும் மாமியாரின் மனத்துக்குள்ளேயே நடப்பதை உறுதிசெய்ய அப்படி வைத்தார். வாதத்துக்கு அது தேவை. ஆனாலும் கதை என்று பார்த்தால், பார்க்கப்படுபவள் திரும்பிப் பார்க்காத ஓர் உதாரணம்தான் அது, ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி: “மகிழ்ச்சியான வாழ்வின் இரகசியம்” என்ற மேற்கோள் எந்த நூலில்?

பதில்: மேலே பார்க்கவும்.

கேள்வி: மருமகள் இறந்துவிட்டதாக வைத்துக்கொள்வது பற்றிக் கேட்டவன் நான்தான். ஒப்புக்கொண்டால், அவருடைய கருத்தே சரிந்துவிடாதா?

பதில்: கட்டுரையில் விடுபட்டதை நாவல் ஈடுசெய்கிறது என்பேன். சார்ல்ஸ் பக்கம் பக்கமாக ஹார்ட்லியைப் பற்றியே எழுதுகிறார். எழுதுவதெல்லாம் தம் நினைவில் இருக்கும் சிறுமியைத்தான். எதிரே இருக்கும் மூதாட்டி வீட்டுக்குப் போக வேண்டும் என்று அழுவதை வாசகர் கேட்கிறார், அவருக்குக் கேட்கவில்லை. கடைசியில் அந்த அம்மாளும் வெளிநாடு போகிறார். இம்முறை அனுப்பியது கட்டுரையாளரின் வசதி அன்று. இவரிடம் சொல்லிக்கொள்ளாமல், தம் கணவருடன் ஆஸ்திரேலியாவுக்குத் தாமே கிளம்பிப் போகிறார்.