மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மரப் பியோனி மறுபடி பூக்குமா?

சீனப் புத்தாண்டுக்குப் பூவோடு வாங்கிய மரப் பியோனி, மறு வருடம் ஏன் பூக்கவில்லை என்று எங்கள் தோட்டப்புறத்தில் பலர் கேட்கிறார்கள்.

சீனாவின் புதர்ச்செடி இது; மூடான் என்றும் சொல்வார்கள். இலை உதிர்ந்தாலும் கட்டைத்தண்டு காயாமல் நிற்பதால் 'மரம்' என்று பெயர்.

இதன் மொட்டு உறக்கம் கலையப் பல வாரங்கள் 5 டிகிரி வாக்கில் குளிர் வேண்டும். நம் ரப்பர் மரத்தைப் பாருங்கள்: பிப்ரவரி வறட்சியில் இலை கொட்டி, ஓய்ந்து, அப்புறம்தான் துளிர்விடும். ரப்பருக்கு வறட்சி தரும் அந்த ஓய்வை இதற்குக் குளிர்தான் தர வேண்டும். இங்கே இரவிலேயே 23 டிகிரி இருக்கிறது. பாவம், செடி தூங்கவே முடியாது. உங்கள் கைராசியில் குறையில்லை.

உரத்தைக் கூட்டினாலோ கேமரன் மலைக்குக் கொண்டுபோனாலோ பூத்துவிடும் என்பது தவறு. அங்கேயும் இரவுக் குளிர் பெரும்பாலும் 15 டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது.