வீடு முழுக்க எல்லா டிவியிலும் பார்க்கும்படி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து வைக்க எந்த செட்டப் நல்லது?

மார்த்தாண்டம் பக்கம் புது வீடு கட்டுவதாகவும், கீழே அப்பா அம்மாவுக்கு ஒரு டிவி, மேலே இரண்டு டிவி வரும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்க வீடியோக்களில் காட்டுகிற மாதிரி ஆன்டெனாவும் ஒரு சின்னப் பெட்டியும் வைத்து எல்லா அறையிலும் பார்க்க முடியுமா, இல்லை செட்டாப் பாக்ஸிலேயே ஒரு ஹார்டு டிஸ்க் சொருகினால் போதுமா என்பது உங்கள் கேள்வி.

செட்டாப் பாக்ஸில் ஹார்டு டிஸ்க் சொருகும் யோசனையை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம். இப்படி அடித்துச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது.

என் அப்பா வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடித்தவர். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டாம், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். நடுவில் உட்கார்ந்து வீசுகோலால் வில்லைத் தட்டிப் பாடுகிறவரைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். அந்த வில்லைத் தாங்கி நிற்கிற குடத்தையும் அதை அடிக்கிறவரையும் யாரும் கவனிப்பதில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் கோயில் கோயிலாகப் போய் அடித்தவர், ஒரு நோட்டீஸில்கூட அவர் பேர் வந்ததில்லை.

2018 சித்திரையில் இரணியல் பக்கம் ஒரு அம்மன் கோயில் கொடை, அதாவது திருவிழா. உள்ளூர் கேபிள் சேனலில் நேரடி ஒளிபரப்பு. வீட்டில் இருந்த கேபிள் பாக்ஸில் 500 ஜிபி டிஸ்க்கைச் சொருகி, ரிமோட்டில் சிவப்பு பட்டனை அழுத்திவிட்டு நான் கோயிலுக்குப் போய்விட்டேன். கேமரா வழக்கம்போலப் பாடுகிறவர் மேலேயே இருந்தது. இசக்கியம்மன் கதை பாதி தாண்டியபோது, கேமராக்காரருக்கு என்ன தோன்றியதோ, அப்பா பக்கம் திருப்பி நாலைந்து நிமிஷம் அங்கேயே நிறுத்திவிட்டார். பிரிமணையில் இருந்த குடத்தை அப்பா இடது கையால் அணைத்துப் பிடித்திருக்கிறார். வலது கையில் குடத்தை அடிக்கிற பத்தி. தோளில் கிடந்த துண்டு நழுவி மடியில் விழுகிறது, அவருக்கு அது தெரியவே இல்லை. கண் பாதி மூடியிருக்கிறது.

மறுநாள் காலை அந்த இடத்தை மட்டும் மூன்று தடவை போட்டுக் காட்டினேன். அப்பா ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போகும்போது கேட்டார்:

“மக்களே, இது அழிஞ்சு போவாதுல்லா?”

“போவாதுப்பா. ஹார்டு டிஸ்க்லா” என்றேன்.

2019 ஐப்பசியில் ஒரு சாயங்காலம் இடி. டிவி தப்பித்தது, கேபிள் பாக்ஸ் போய்விட்டது. இரண்டு நாளில் கேபிள்காரப் பையன் அதே கம்பெனியின் புது பாக்ஸ் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினான். டிஸ்க்கைச் சொருகினால் திரையில் ஒரு கட்டம் வருகிறது. “அண்ணே, இந்த டிஸ்க்க இது எடுக்கல. ஃபார்மட் கேக்குது, குடுத்திரட்டா?” என்கிறான். விரல் ஓகே பட்டன் மேல் இருக்கிறது. நான் பாய்ந்து போய் டிஸ்க்கின் வயரைப் பிடுங்கினேன்.

கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் கோப்பு இருக்கிறது. 2 மணி 10 நிமிஷ நிகழ்ச்சி, 3 ஜிபிக்குக் கொஞ்சம் கம்மி. வி.எல்.சி.யில் திறந்தால் கறுப்புத் திரை. நாகர்கோவிலில் இரண்டு கடை, அப்புறம் திருவனந்தபுரத்தில் டேட்டா மீட்கிற ஓர் இடம் என்று அலைந்தேன். திருவனந்தபுரத்துக்காரர்தான் பொறுமையாக விளக்கினார்: “டேட்டா ஒரு பைட்கூடப் போகவில்லை. ஆனால் பாக்ஸ் பதிவு செய்யும்போதே பூட்டித்தான் எழுதுகிறது. சாவி அந்த பாக்ஸின் சிப்புக்குள் இருக்கிறது. அந்த சிப் கருகிப்போச்சு.” அதே மாடல் பாக்ஸ் வாங்கினாலும் பயனில்லை, ஒவ்வொரு பாக்ஸுக்கும் சாவி வேறு. சேனல்காரர்களிடம் கேட்டதற்கு, அந்தக் கொடை இருந்த தங்கள் டிஸ்க்கில் மேலே மேலே பதிவு பண்ணி ஒரு வருஷமாச்சு என்றார்கள்.

அப்பா 2021 ஆவணியில் இறந்தார். அந்த டிஸ்க் இப்போதும் அலமாரியில் இருக்கிறது.

எல்லா பாக்ஸும் அப்படி இல்லை, என் ஃப்ரீ டிஷ் பாக்ஸ் பென் டிரைவில் பதிவு செய்வது லேப்டாப்பில் ஓடுகிறது என்று யாராவது கீழே எழுதலாம். உண்மைதான், பூட்டு இல்லாத இலவச பாக்ஸ்கள் பல அப்படி வேலை செய்கின்றன. அதனால்தான் எந்தப் பெட்டி வாங்கினாலும் முதல் நாளே சோதித்துவிடச் சொல்கிறேன். பத்து நிமிஷம் பதிவு செய்யுங்கள், டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் போடுங்கள். ஓடினால் அது உங்கள் பதிவு. ஓடாவிட்டால் கம்பெனிக்காரன் பொருளை உங்கள் வீட்டில் வைத்துக் காவல் காக்கிறீர்கள்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அமெரிக்காவில் பெரிய சேனல்களே ஆன்டெனா வழியாக எச்.டி.யில் பூட்டில்லாமல் வருகின்றன. அதனால் எச்டிஹோம்ரன் மாதிரி, சேனலைப் பிடித்துத் தருகிற ஒரு ட்யூனர் பெட்டியை ஆன்டெனாவில் மாட்டி, ரௌட்டரோடு இணைத்தால் வேலை முடிந்தது. நம் ஊரிலும் மாடிக்கு மாடி ஆன்டெனா நின்ற காலம் உண்டு. மேற்கே திருப்பினால் திருவனந்தபுரம், கடல் பக்கம் திருப்பினால் இலங்கை ரூபவாஹினி. இப்போது தூர்தர்ஷன் பழைய அனலாக் டவர்களை மூடிவிட்டது. அந்த வீடியோக்களைப் பார்த்து ஆன்டெனா வாங்கிவிடாதீர்கள்.

நமக்குப் பூட்டில்லாமல் கிடைப்பது டிடி ஃப்ரீ டிஷ். 93.5 டிகிரி கிழக்கில் இருக்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து வருகிறது, மாதக் கட்டணம் இல்லை. நான் 90 செ.மீ. டிஷ் வைத்திருக்கிறேன், மழைக்குச் சின்ன டிஷ்ஷைவிடக் கொஞ்சம் தாங்கும். கட்டண சேனல்களை இந்த வழியில் பதிவு செய்ய முடியாது, அவை பூட்டித்தான் வருகின்றன. அவற்றுக்கு அந்தந்தக் கம்பெனியின் ஆப்தான் வழி. சுற்றுவழி தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

என் வீட்டில் ஒரு பழைய ஆபீஸ் டெஸ்க்டாப், 6ஆம் தலைமுறை இன்டெல் ஐ5, சர்வராக ஓடுகிறது. உள்ளே டிஷ் சிக்னலைப் பிடிக்கிற, இரட்டை ட்யூனர் உள்ள டிவிபி-எஸ்2 கார்டு. பதிவு செய்வது டிவிஹெட்எண்ட் என்ற மென்பொருள். பதிவான கோப்புகளை எல்லா டிவிக்கும் காட்டுவது ஜெல்லிஃபின் என்ற மென்பொருள். இரண்டும் இலவசம். செயற்கைக்கோள் பல சேனல்களை ஒரே கட்டாக அனுப்புகிறது, அந்தக் கட்டுக்கு டிரான்ஸ்பாண்டர் என்று பேர். ஒரு ட்யூனர் ஒரு டிரான்ஸ்பாண்டரைப் பிடித்தால் அதில் வரும் சேனல்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பதிவு செய்யலாம், ஒரு சேனலுக்கு ஒரு ட்யூனர் என்று கணக்குப் போட வேண்டியதில்லை. ஆனால் இரண்டு ட்யூனருக்கும் டிஷ்ஷுக்கு முன்னால் நிற்கிற எல்.என்.பி.யிலிருந்து தனித்தனி வயர் வர வேண்டும். ஒரு வயரை ஸ்ப்ளிட்டர் போட்டுப் பிரித்தால் சரியாக வராது. 13 வோல்ட்டா 18 வோல்ட்டா என்று வயர் வழியாக அனுப்பித்தான் ட்யூனர் எல்.என்.பி.யை மாற்றுகிறது. இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் அது யார் பேச்சைக் கேட்கும்? இரண்டு வயர் எடுக்கிற ட்வின் எல்.என்.பி. வாங்குங்கள். டைமர் வைக்கும்போது முன்னால் 5 நிமிஷம், பின்னால் 15 நிமிஷம் கூட்டிவையுங்கள். இங்கே எந்த நிகழ்ச்சியும் போட்ட நேரத்துக்கு முடிவதில்லை.

உள்ளூர் கேபிள் சேனலுக்கு வேறு வழி. கேபிள் பாக்ஸின் பின்னால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏ.வி. ஓட்டை இருந்தால், அதிலிருந்து ஒரு யு.எஸ்.பி. கேப்சர் கருவி வழியாகக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவரலாம். படம் பழைய டிவி தரத்தில்தான் இருக்கும், 720க்கு 576. ஆனால் கோப்பு பூட்டில்லாமல் கைக்கு வந்துவிடும். 2018இல் இது எனக்குத் தெரிந்திருந்தால் போதும், அந்த டிஸ்க் அலமாரியில் கிடக்காது.

இதே வேலையைச் செய்கிற பிளெக்ஸ் இருக்கும்போது ஏன் ஜெல்லிஃபின் என்று கேட்பவர்களுக்கு: பிளெக்ஸ் மோசம் என்று நான் சொல்லவில்லை. அதில் அவர்கள் கணக்கில் நுழைய வேண்டும். எனக்கு நெட் இல்லாதபோதும் அம்மாவின் டிவி ஓட வேண்டும். இங்கே நெட் இல்லாத நாள் எத்தனை தெரியுமா? போன வருஷம் மட்டும் எங்கள் தெருவில் மூன்று தடவை ஃபைபர் வயர் அறுந்தது. மூன்று தடவையும் பாறைப்பொடியும் ஜல்லியும் ஏற்றிக் கேரளாவுக்குப் போகிற லாரிதான். டயர் மூழ்குகிற பாரம், மேலே தார்ப்பாய்கூட இல்லை. வயர் போனால் போகட்டும், ஒட்ட வைத்துக்கொள்ளலாம். காலை எட்டரை மணிக்குப் பிள்ளைகள் சைக்கிளில் போகிற ரோட்டில் இந்த லாரிகள் வரிசையாக வருகின்றன. குழியை விலக்கி ஓரத்தில் ஒதுங்கினால் ஓடைக்குள் விழ வேண்டும், நடுவில் வந்தால் லாரி. எத்தனை மனு கொடுத்தோம், எத்தனை தடவை மறியல் நடந்தது! மலையும் போகிறது, ரோடும் போகிறது. இதை எழுதாமல் என்னால் அடுத்த பத்திக்குப் போக முடியவில்லை, மன்னிக்கவும்.

வயரிங்தான் நீங்கள் இப்போதே செய்ய வேண்டியது. பூச்சு வேலைக்கு முன்னால் ஒவ்வொரு டிவி வரும் சுவருக்கும் 1 இஞ்ச் பைப் தனியாகப் போடச் சொல்லுங்கள். கரண்ட் பைப்புக்குள்ளேயே இதையும் விடுகிறேன் என்று எலக்ட்ரீஷியன் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எல்லா பைப்பும் மாடிப்படிக்கு அடியில் ஓர் இடத்தில் சேரட்டும், சர்வரும் சுவிட்சும் அங்கே. ஒவ்வொரு டிவிக்கும் கேட் 6 என்கிற நெட்வொர்க் வயர் ஒன்று. மொட்டை மாடியிலிருந்து டிஷ்ஷுக்கான ஆர்.ஜி.6 வயர் இரண்டு, மேல் மாடி வைஃபைக்கு ஒரு கேட் 6. கான்கிரீட் தளத்தைத் தாண்டி வைஃபையில் வீடியோ ஓடும் என்று நம்ப வேண்டாம். எச்.டி. சேனல் ஒன்றுக்கு 8 எம்பிபிஎஸ் இருந்தாலே தாராளம். டிவியில் உள்ள லேன் ஓட்டை பெரும்பாலும் 100 எம்பிபிஎஸ்தான், அதுவே இதற்கு மிச்சம்.

டிஸ்க் கணக்கும் இதே 8ஐ வைத்துத்தான். மணிக்கு 3.6 ஜிபி. 4 டிபி டிஸ்க்கில் 1,100 மணி நேரம் போல வரும், சாதாரண சேனல் என்றால் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல். சிசிடிவிக்கென்று விற்கிற டிஸ்க்கை வாங்குங்கள், இரவும் பகலும் எழுதிக்கொண்டே இருப்பதற்காகச் செய்தது. தூர்தர்ஷனின் சில சேனல்கள் இன்னும் எம்பெக்-2 என்கிற, வீடியோவைச் சுருக்கும் பழைய முறையில் வருகின்றன. சில டிவி ஸ்டிக்குகளுக்கு அது புரியாது, சர்வர்தான் மாற்றி அனுப்ப வேண்டும். இன்டெல் சிப்பில் அதற்கான வசதி உள்ளேயே இருக்கிறது, ஜெல்லிஃபின் அமைப்பில் குவிக் சிங்க்கை இயக்கிவிட்டால் போதும்.

இடியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நமக்கு இரண்டு பருவமழை. சித்திரையிலும் இடி, ஐப்பசியிலும் இடி. டிஷ்ஷுக்குத் தனியாக எர்த் கொடுங்கள். வானம் இருட்டினால் எல்.என்.பி. வயரைக் கழற்றிவிடுங்கள். கேபிள் பாக்ஸுக்கு வரும் செம்பு வயரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், எங்கள் வீட்டுக்குள் இடி அந்த வழியாகத்தான் வந்தது. 2017 நவம்பர் 30, ஒக்கி புயல் அன்று எங்கள் டிஷ் பக்கத்து வாழைத்தோட்டத்தில் கிடந்தது, வாழையும் கிடந்தது. அதற்குப் பிறகு டிஷ் ஸ்டாண்டைச் சுவரில் திருகாமல் தளத்தில் கான்கிரீட் போட்டு நிறுத்தினேன். கடல் பக்கம் வீடு என்றால் டிஷ் வயர் முனையில் உள்ள எஃப் கனெக்டருக்கு ரப்பர் உறை போடுங்கள், உப்புக்காற்றில் ஒரே வருஷத்தில் பச்சை பிடித்துவிடும். சர்வருக்கு ஒரு யு.பி.எஸ். கட்டாயம். பதிவு நடக்கும்போது கரண்ட் போனால் கோப்பு கெடலாம்.

ஓடிடியில் எல்லாம் இருக்கும்போது இவ்வளவு செலவு எதற்கு என்று என் தம்பியே கேட்டான். நம்மூர் கொடை எந்த ஓடிடியில் இருக்கிறது? நான் யாருக்கும் நகல் போட்டு விற்கவில்லை, என் வீட்டார் பார்க்க என் வீட்டில் வைத்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. ஒரே டிஸ்க்கில் இருப்பதைப் பதிவு என்று நினைக்காதீர்கள். முக்கியமானவற்றுக்கு இரண்டாவது நகல் வேறு டிஸ்க்கிலும், மூன்றாவது வேறு வீட்டிலும் வேண்டும். எனக்கு மூன்றாவது தக்கலையில் தங்கை வீட்டில். அப்பா இறந்த பதினாறாம் நாள், சித்தி மகள் தன் பழைய போனைத் துழாவி ஒரு வீடியோ எடுத்துக் கொடுத்தாள். அந்தக் கொடை ராத்திரியில் டிவித் திரையைப் போனில் பிடித்து, மஸ்கட்டில் இருக்கும் தன் வீட்டுக்காரருக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறாள். 47 விநாடி. ஃபேன் சத்தம், அவள் குழந்தை அழுகிற சத்தம், அதற்குள் குடம். துண்டு நழுவுகிற இடம் அதில் இருக்கிறது. இப்போது அது மூன்று இடத்தில் இருக்கிறது. அம்மா ரிமோட்டில் தானே தேடிப் போட்டுப் பார்க்கிறாள்.

பூச்சு தொடங்குவதற்கு முன்னால் வீட்டு பிளானை இங்கே போடுங்கள். எந்தச் சுவருக்கு எத்தனை வயர் என்று குறித்துத் தருகிறேன்.