டீச்சரிடம் கேளுங்கள்: செட்டும் கதைப் புத்தகமும்

கேள்வி: என் மகள் தரம் 10இல் படிக்கிறாள். பாடசாலை நூலகத்திலிருந்து கதைப் புத்தகமாகக் கொண்டுவருகிறாள். எல்லாமே ஹொஸ்டல் பிள்ளைகளின் கதை. டீச்சருக்குத் தெரியாமல் நடுராத்திரியில் விருந்து வைப்பதும், பொய் சொல்லிவிட்டுச் சுற்றுவதும்தான் அதில் இருக்கிறது. போன மாதம் இவளும் டியூஷன் என்று சொல்லிவிட்டு, கூட்டாளிமாரோடு டெவோன் நீர்வீழ்ச்சிப் பக்கம் ஃபோட்டோ எடுக்கப் போயிருக்கிறாள். புத்தகம்தான் கெடுக்கிறதா? நிறுத்திவிடவா?
– ஒரு தாய், கொட்டகலை

பதில்: நிறுத்தாதீர்கள், தங்கச்சி. இந்த மாதிரிக் கதை நேற்று வந்ததில்லை. எல்.டி. மீட் என்ற அயர்லாந்துப் பெண்மணி, பெண்கள் பள்ளிக்கூடத்தை வைத்து 1886இலேயே நாவல் எழுதிவிட்டார். எனிட் பிளைட்டன் 1941இல் தொடங்கிய செயின்ட் கிளேர்ஸ் வரிசையின் முதல் புத்தகத்தில், இரட்டைச் சகோதரிகள் இருவர் விருப்பமில்லாத பள்ளிக்கு வந்து, அடங்கவே கூடாது என்ற முடிவோடு இருப்பார்கள். அந்தக் காலத்துத் தாய்மாரும் உங்களைப் போலத்தான் பயந்திருப்பார்கள்.

ஹட்டன் பக்கத்தில் ஒரு பாடசாலை நூலகத்தை நான் பார்த்துக்கொண்ட காலத்தில், திரும்பி வரும் இந்தப் புத்தகங்களைப் புரட்டிப் பார்ப்பேன். அட்டை பிய்ந்து வரும், கோதுமை மாப் பசை போட்டு ஒட்டுவேன். நடுராத்திரி விருந்து வரும் பக்கங்கள் அநேகமாகச் சுத்தமாக இருக்கும். இரண்டு தோழிகள் கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்கும் அத்தியாயத்தில்தான் தாள்களின் ஓரம் கறுத்துப் போயிருக்கும். பிள்ளைகள் திரும்பத் திரும்பப் படித்தது அந்த இடத்தைத்தான். கூட்டாளிமார் செட்டை விட்டு ஒதுக்கிவிடுவார்களோ என்பதுதான் அந்த வயதில் பெரிய பயம். அம்மா காலையில் பெரட்டுக்கு, அதாவது தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்குப் போய், கடைசிக் கொழுந்து நிறுவை முடிந்து பின்னேரம்தான் லயத்து வீட்டுக்கு வருகிறாள் என்றால், மகளுக்குப் பகல் முழுவதும் கூட்டாளிமார்தானே உலகம்?

டெவோன் போனது தப்புத்தான். ஈரப் பாறையும் பனிமூட்டமுமான இடம், போனது வீட்டில் யாருக்கும் தெரியாது. அதைக் கண்டிப்பாகவே சொல்லுங்கள். ஆனால், சத்தம் போட்டு முடிந்த பிறகு ஒன்று கேளுங்கள்: “போவோம் என்று முதலில் சொன்னது யார்? உங்களில் யாருக்காவது போக விருப்பமில்லாமல் இருந்ததா?” பெயரைப் பிடித்து அந்தப் பிள்ளையின் வீட்டுக்குச் சண்டைக்குப் போவதற்காகக் கேட்காதீர்கள். தனக்கும் உள்ளுக்குள் விருப்பமில்லை என்பதை உங்கள் மகளே சொல்லக்கூடும். அப்புறம், அவள் கையிலுள்ள புத்தகத்தில் யார் யாரோடு கோபம் என்றும் விசாரியுங்கள். நேராகக் கேட்டால் வாய் திறக்காத பிள்ளை, கதையில் வரும் பிள்ளையைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவாள்.

கேள்வி: எனக்கு 16 வயது. நான்கு தோழிகளை வைத்துக் கதை எழுதுகிறேன். தலைவி மாதிரி இருப்பவள் கிளாஸ் கட் பண்ணச் சொல்கிறாள், ஒருத்தி மட்டும் மறுக்கிறாள். அந்த மறுக்கிற பிள்ளை ரொம்ப நல்லவளாக வந்து எனக்கே சலிப்பாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, தலவாக்கலை

பதில்: மகள், முதலில் அவளுக்கும் போக ஆசை இருக்கட்டும். ஆசையே இல்லாதவள் மறுப்பதில் என்ன கதை இருக்கிறது? தலைவியையும் கெட்டவளாக்காதே. பஸ்ஸில் பையன்கள் கிண்டல் செய்தபோது இவளுக்காகச் சண்டை போட்டது அவள்தான் என்று வை. காசில்லாத நாளில் பஸ் காசு கொடுத்ததும் அவள்தான். இப்போது அவளே தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் குடத்தை வைத்துவிட்டு, “நீ வரலைன்னா இனி எங்க செட்டுல இல்ல” என்று சொன்னால், படிப்பவளுக்கு நெஞ்சு அடைக்கும்.

இன்னொன்று. சொலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950களில் அமெரிக்காவில் ஒரு பரிசோதனை நடத்தினார். எந்தக் கோடு எந்தக் கோட்டுக்குச் சமம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அறையில் இருந்த மற்றவர்கள் எல்லோரும், முன்பே பேசி வைத்தபடி, பிழையான விடையைச் சொல்வார்கள். கண்ணுக்குத் தெரிந்த விடையை விட்டுவிட்டு, பரிசோதிக்கப்பட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரு தடவையாவது கூட்டத்தோடு சேர்ந்தார்கள். ஆனால், சரியான விடை சொல்ல இன்னும் ஒரேயொருவர் கூட இருந்தபோது, அப்படி இழுபடுவது நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. அவர்கள் கல்லூரியில் படித்த ஆண்கள். இருந்தாலும் டியூஷன் வகுப்பின் பின் வாங்கிலும் இதையே பார்த்திருக்கிறேன்.

அதனால் உன் கதையில் நாலாவது பிள்ளையைக் கவனி. இதுவரை வாயே திறக்காதவள். முதலாமவள் மறுத்ததும் இவள் மெல்ல, “எனக்கும் போக வேணாம்” என்று சொல்லட்டும். உன் கதையின் பெரிய வீரம் அந்த வரிதான், அங்கே அவசரப்படாதே. தலைவிக்கு விபத்து, பரீட்சையில் ஃபெயில் என்று தண்டனை கொடுத்து முடிக்காதே. மறுநாள் பஸ்ஸில் அவள் பக்கத்து சீட்டில் யார் உட்காருகிறார்கள் என்று யோசி. ஹொஸ்டலும் வேண்டாம். உன் பஸ், உன் லயம், உன் டியூஷன் போதும். அவற்றை வைத்து எங்கள் பெண்பிள்ளைகளின் நட்பை எழுத நீ வேண்டும். முடித்ததும் எனக்கு அனுப்பு, கட்டாயம் படிப்பேன்.

கேள்வி: உண்மையான கூட்டாளி என்றால் ஃபேஸ்புக் பாஸ்வேர்ட்டைச் சொல்ல வேண்டும் என்கிறாள் என் தோழி. சொல்லாவிட்டால் கோபிக்கிறாள்.
– தரம் 9 மாணவி, மஸ்கெலியா

பதில்: சொல்லாதே, மகள். “வீட்டில் ஏசுவாங்க” என்று அம்மாவின் மேல் போட்டுவிடு, அம்மா தாங்குவார். கோபம் நாலு நாளில் ஆறும். யாராவது உன் ஃபோட்டோவைக் கேட்டோ, ஏற்கெனவே உள்ளதை வைத்தோ மிரட்டினால் மெசேஜ்களை அழிக்காமல் வைத்துக்கொண்டு, நீ நம்பும் பெரியவர் ஒருவரிடம் அன்றைக்கே சொல். வீட்டில் சொல்லப் பயமாக இருந்தால் 1929க்கு அழை. அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம், தமிழிலேயே பேசலாம்.