உபுண்டு சரி, எந்தக் கெர்னல்?

கேள்வி: சிறிய தணிக்கை அலுவலகம் நடத்துகிறேன். எல்லா லேப்டாப்பிலும் உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளம். வாடிக்கையாளர் கணக்குகள் வெளியே போகக் கூடாது என்று, பென்டிரைவைத் தடுக்கும் சாதன மேலாண்மை மென்பொருளை மூன்று வருட லைசென்ஸுடன் வாங்கினேன். வழக்கமான அப்டேட் ஒன்றுக்குப் பிறகு பென்டிரைவ் தாராளமாகத் திறக்கிறது. ஆனால் அந்த மென்பொருளின் கண்காணிப்புத் திரையான கன்சோலில் எல்லாம் பச்சையாகவே தெரிகிறது. "உங்கள் கெர்னல் புதுசு, சப்போர்ட் இல்லை" என்கிறார் டீலர். விற்கும்போது "உபுண்டு 22.04-இல் ஓடும்" என்றார். பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம். ஆனால் அதற்கு முன் தடுப்பு மறுபடி வேலை செய்ய வேண்டும். இப்போது உங்கள் வாடிக்கையாளர்களின் கணக்குகள் காவலின்றி இருக்கின்றன.

கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி. உபுண்டு 22.04 என்பது ஒரே கெர்னல் கிடையாது. 2022-இல் 5.15-உடன் வந்தது. டெஸ்க்டாப் பதிப்பில் அப்டேட் வழியாகவே 5.19, 6.2, 6.5 என ஏறி 2024-இல் 6.8-க்கு வந்துவிட்டது. சாதாரண நிரல்களுக்கு இதனால் தொந்தரவு வராது. உங்கள் மென்பொருளில் பென்டிரைவைத் தடுப்பது கெர்னலுக்குள் போய் உட்காரும் மாட்யூல் என்ற துணைப்பகுதி, அது அப்படியில்லை. லினக்ஸ் தன் உள் இடைமுகங்களை நிலையாக வைப்பதாக வாக்குத் தருவதே இல்லை, 6.5-க்காகக் கட்டிய மாட்யூல் 6.8-இல் ஏறாது. கன்சோலோடு பேசும் ஏஜென்ட் சாதாரண நிரல் என்பதால் "நலம்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. தடுக்கும் பகுதி செத்ததைக் காட்டாத கன்சோல்தான் இதில் பெரிய குறை, புகாரில் அதையே முதலில் எழுதுங்கள்.

டெர்மினலில் 'uname -r' கொடுத்தால் கெர்னல் எண் தெரியும். நிறுவனம் ஆதரிக்கும் எண்களை எழுத்தில் வாங்குங்கள். 5.15 அதில் இருந்தால் அதற்கே திரும்பலாம், 2027 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். ஒரு லேப்டாப்பில் மட்டும் முதலில் செய்து பாருங்கள். புது மாடல்களில் பழைய கெர்னலுக்கு வைஃபை பிடிபடாமல் போகலாம். அப்டேட்டையே மொத்தமாக நிறுத்திவிடாதீர்கள், அது இன்னும் மோசம். பென்டிரைவைத் தடுப்பது மட்டும்தான் தேவை என்றால் யூஎஸ்பிகார்டு (USBGuard) என்ற இலவச மென்பொருள் போதும். கெர்னலில் ஏற்கெனவே உள்ள அனுமதி வசதியையே அது பயன்படுத்துகிறது, தனி மாட்யூல் வேண்டாம்.

அடுத்த முறை வாங்கும்போது, புதுக் கெர்னல் வந்தால் எத்தனை நாளில் ஆதரவு தருவார்கள் என்பதை பில்லோடு எழுதி வாங்குங்கள்.

சரி, பணம். டீலரின் விலைப்புள்ளியிலோ மின்னஞ்சலிலோ "உபுண்டு 22.04" என்று கெர்னல் நிபந்தனை இல்லாமல் இருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. அந்த மின்னஞ்சலோடு, மிச்ச லைசென்ஸ் காலத்துக்கான தொகையைக் கேட்டு எழுத்தில் நோட்டீஸ் அனுப்புங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், அலுவலகத்துக்கு வாங்கியது வணிக நோக்கம் என்று எதிர்த்தரப்பு வாதிடும். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் அங்கே புகார் தர முடியாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டும் வாங்கியவருக்கே விலக்குத் தருகிறது. ஊழியர்களை வைத்து நடத்தும் உங்களுக்கு அது பொருந்துமா என்று வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். புகாருக்கு இரண்டு வருடக் கெடு உண்டு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ இன்றே அழைக்கலாம்.